நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரை ஏன் மூடி வைக்கிறார்கள்? திருச்சி பட்டறைகளுக்கு இதில் என்ன வேலை?

2007-ல் மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் மேப்பில் ஒரு படம் சிக்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் பேங்கர் கடற்படைத் தளம். உலர் துறையில் ஒரு ஒஹையோ ரக அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. அதன் வால் பகுதியில் வளைந்த ஏழு இறக்கைகளோடு புரொப்பெல்லர், மேலே எந்த மறைப்பும் இல்லாமல். பார்த்தவர்கள் பகிர, விஷயம் செய்தியானது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைச் சுமக்கும் கப்பல் அது. ஆனால் பரபரப்புக்குக் காரணம் ஏவுகணை இல்லை, வாலில் இருந்த ‘ஃபேன்’.

கப்பல் கரைக்கு வந்ததும் புரொப்பெல்லரைத் தார்ப்பாய் போட்டு மூடுவது பல நாட்டுக் கடற்படைகளின் வழக்கம். ஒரு உலோகத் துண்டுக்கு ஏன் இத்தனை ரகசியம்?

திருச்சிக்காரர்களுக்கும் இந்தக் கேள்வியில் கொஞ்சம் பங்கு உண்டு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம், அதாவது எல்லோரும் சொல்லும் ‘டிஃபென்ஸ் காரிடார்’, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து முனைகள். பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்வது என்றால் துப்பாக்கியும் குண்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடலுக்கடியில் ஒரு கப்பல் பிழைக்குமா, மாட்டுமா என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு ஒரு மில்லிங் மெஷின் எவ்வளவு துல்லியமாக வெட்டியது என்பதற்கு இருக்கிறது.

கடலுக்குள் கண் இல்லை, காதுதான்

ரேடார் அலை கடல் நீருக்குள் போகாது. வெளிச்சமும் சில நூறு மீட்டரில் செத்துவிடும். ரேடியோவில் மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டும்தான் கொஞ்சம் ஆழம் இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளத்தின் உயர்ந்த கோபுரங்கள் நிற்பது அதற்காகத்தான். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது.

ஆனால் ஒலி? காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் சத்தம், கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. அதிர்வெண் குறைந்த ‘ம்ம்ம்’ ஒலிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூடப் பயணிக்கும். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் 2013-லிருந்து இருக்கும் பி-8ஐ விமானங்கள், மைக் பொருத்திய மிதவைகளைக் கடலில் வீசிவிட்டு மேலே பறந்தபடி ஒட்டுக்கேட்பதும் இதனால்தான்.

அதனால் ஒரு நீர்மூழ்கியின் முதல் கவசம் மௌனம். பேட்டரியில் மெதுவாக ஓடும் டீசல்-எலக்ட்ரிக் கப்பலாக இருந்தால் உள்ளே சத்தம் போட அதிகம் ஒன்றுமில்லை. அணுசக்திக் கப்பலில் பம்புகள், டர்பைன், கியர் எல்லாம் உண்டு. அவற்றை ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைத்து அதிர்வை உள்ளேயே அடக்கலாம். புரொப்பெல்லரை அப்படி அடக்க முடியாது. அது நேராகக் கடலுக்குள் சுழல்கிறது. வேகம் கூடக் கூட, கப்பலைக் காட்டிக்கொடுப்பதில் அதுவே முந்திக்கொள்ளும்.

ஜல்லி அரைக்கும் சத்தம்

மோட்டார் பம்பு ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். உள்ளே ஜல்லிக்கல்லைப் போட்டு அரைப்பது மாதிரி. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரில் சின்னச் சின்னக் குழிகள். இதற்குப் பெயர் கேவிடேஷன்.

இறக்கை வேகமாகச் சுழலும்போது அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் விழுகிறது. ரொம்பவும் விழுந்தால், சூடே இல்லாமல் அந்த இடத்தில் தண்ணீர் ‘கொதித்து’ ஆவிக் குமிழ்கள் ஆகிவிடும். சாதாரண அறை வெப்பநிலையில் இதற்கு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். குமிழ் அடுத்த நொடியே அழுத்தம் அதிகமான பகுதிக்குப் போய் ‘டப்’பென்று நொறுங்குகிறது. ஒன்று இல்லை, ஆயிரக்கணக்கில். அந்த அடி உலோகத்தையே அரிக்கும். சோனாரில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது கல்யாண மேளம்.

இது புதிய தலைவலி இல்லை. நீராவி டர்பைனைக் கப்பலுக்குக் கொண்டுவந்த சார்லஸ் பார்சன்ஸ் தன் ‘டர்பினியா’ படகு எதிர்பார்த்த வேகத்தில் ஓடாமல் தவித்தபோது, காரணம் தேடி 1895-லேயே ஒரு சோதனைத் தொட்டி கட்டினார். உலகின் முதல் கேவிடேஷன் டனல் அதுதான். அவருக்குப் பிரச்சினை வேகம். நீர்மூழ்கிக்குப் பிரச்சினை சத்தம்.

தப்பிக்க ஒரு வழி ஆழம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், கீழே போகப் போகக் குமிழ் பிறப்பது கஷ்டம். இன்னொரு வழி, பெரிதாகச் செய்து மெதுவாகச் சுற்றுவது. இப்போது கல்யாண மண்டபங்களில் மாட்டுகிறார்களே, அந்தப் பிரம்மாண்ட சீலிங் ஃபேன், அதே தத்துவம்தான். டேபிள் ஃபேன் மாதிரி இரைச்சல் போடாமல் நிறையக் காற்றைத் தள்ளும்.

ஏன் ஏழு?

மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடும் நாட்களில், திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். தூண்களுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாய்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் மட்டும் நிழல் விழுந்த மாதிரி, மெதுவாகச் சுழிக்கும் ஒரு பட்டை.

நீர்மூழ்கியின் வாலிலும் இதே கதை. திசைமாற்றும் துடுப்புகள் பெரும்பாலும் நான்கு. கப்பல் முன்னே போக, ஒவ்வொரு துடுப்புக்கும் பின்னால் ஒரு மெதுநீர்ப் பட்டை. புரொப்பெல்லர் இருப்பது அதற்கு நேர் பின்னால். ஒவ்வொரு இறக்கையும் ஒரு சுற்றில் நான்கு முறை அந்தப் பட்டைகளைக் கடக்க வேண்டும். கடக்கும்போதெல்லாம் அதன் உந்துவிசை ஒரு குலுக்கல் குலுக்கும். இறக்கைகளும் நான்காக இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் நான்கு பட்டைகளில் மாட்டும். நான்கு குலுக்கலும் சேர்ந்து ஒரே இடி. அந்த இடி தண்டு வழியாகக் கப்பல் உடலுக்கே ஏறி, முழுக் கப்பலும் ஒரு ஸ்பீக்கர் ஆகிவிடும்.

ஏழு இறக்கை என்றால் நான்கோடு ஒத்துப் போகாது. ஒன்று பட்டைக்குள் நுழையும்போது மற்றொன்று வெளியே. குலுக்கல்கள் பரவி, ஒன்றை ஒன்று சமன் செய்கின்றன. அதோடு இறக்கையை அரிவாள் மாதிரி வளைக்கிறார்கள். நேர் விளிம்பு என்றால் மொத்தமும் ஒரே அடியில் மெதுநீரில் மோதும். வளைந்த விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக நுழையும்.

இதையெல்லாம் செய்தும் மிச்சம் ஒரு துடிப்பு இருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று, 7 இறக்கை என்றால் நொடிக்கு 7 துடிப்பு. மனிதக் காதுக்கு எட்டாது, கம்ப்யூட்டருக்கு எட்டும். துடிப்பை எண்ணினால் இறக்கை எத்தனை, எந்த வேகம், எந்த ரகக் கப்பல் என்று ஊகிக்கலாம். தார்ப்பாயின் காரணம் இப்போது புரியும். இறக்கையின் வளைவை ஒரு போட்டோவில் அளந்துவிட்டால், அந்தக் கப்பல் எந்த வேகத்தில் சத்தம் போடும் என்று கணக்குப் போட ஆரம்பிக்கலாம்.

(பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸின் புதிய அணுசக்திக் கப்பல்களில் திறந்த புரொப்பெல்லருக்குப் பதில் ‘பம்ப்-ஜெட்’ வந்துவிட்டது. சுழலியைச் சுற்றி ஒரு உறை. எடை கூடும், சத்தம் குறையும். படம் எடுக்கவும் முடியாது.)

ஒரு மில்லிங் மெஷின் கிளப்பிய புயல்

இந்த வடிவத்தைக் காகிதத்தில் வரைவது பாதி வேலை. பல மீட்டர் அகலமுள்ள வெண்கலக் கலவையில், ஏழு இறக்கையும் அச்சு அசலாக ஒன்றுபோல வெட்டி எடுப்பது மீதிப் பாதி. ஒரு இறக்கை மட்டும் லேசாக மாறினாலும் அது தனியாகப் பாட ஆரம்பித்துவிடும்.

சோவியத் யூனியனுக்கு 1980-களின் தொடக்கத்தில் இதுதான் குறை. அவர்களுடைய கப்பல்கள் வேகத்திலும் ஆழத்திலும் கில்லி. ஆனால் சத்தம் அதிகம். எவ்வளவு தூரத்திலிருந்து தங்கள் கப்பல்கள் கேட்கின்றன என்பதை அமெரிக்கக் கடற்படைக்குள்ளேயே இருந்து ரகசியம் விற்ற ஜான் வாக்கர் மூலம் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அவர் 1985-ல்தான் பிடிபட்டார்.

அதற்குள் வேறொரு வியாபாரம் நடந்து முடிந்திருந்தது. தோஷிபா குழுமத்தின் துணை நிறுவனமான தோஷிபா மெஷின், லெனின்கிராடில் உள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு ஒன்பது அச்சுகளில் இயங்கும் ராட்சத மில்லிங் இயந்திரங்களை விற்றது. அவற்றை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்திடமிருந்து. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இப்படிப்பட்ட இயந்திரங்களை விற்கக் கூடாது என்று மேற்கத்திய நாடுகள் ‘கோகாம்’ என்ற அமைப்பின் கீழ் ஒப்புக்கொண்டிருந்தன. ஏற்றுமதிப் பத்திரத்திலோ சாதாரண, இரண்டு அச்சு இயந்திரம் என்று எழுதப்பட்டது. பில்லில் ஒன்று, பெட்டியில் இன்னொன்று.

வியாபாரத்தில் இடையில் இருந்த ஜப்பானிய டிரேடிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே 1985-ல் கோகாமுக்குத் தகவல் சொன்னார். 1987-ல் வெடித்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கேமராக்கள் முன்னால் புல்வெளியில் ஒரு தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அந்த ஜூலையில் தோஷிபாவின் தலைவரும் சேர்மனும் பதவி விலகினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா தடைகளும் விதித்தது.

ஒரு விஷயத்தை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். ‘தோஷிபா மெஷின் வந்தது, சோவியத் கப்பல் ஊமையானது’ என்று கதை சொல்வது சுலபம். அந்த இயந்திரங்கள் போய்ச் சேரும் முன்பே சோவியத் கப்பல்களின் சத்தம் குறையத் தொடங்கிவிட்டது. இயந்திரம் தானாக மௌனத்தைச் செய்யாது. எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்தவன் கையில் கொடுத்தால்தான் வேலை.

நம் பக்கம்

2014-ல் கொழும்புத் துறைமுகத்தில் சீன நீர்மூழ்கி ஒன்று வந்து நின்றது. சில வாரங்களில் இரண்டாவது முறை. ராமேஸ்வரத்திலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று மேப்பில் பார்த்தாலே டெல்லி ஏன் பதறியது என்று தெரியும். யார் யாரை முதலில் கேட்கிறார்கள் என்பது இந்தியப் பெருங்கடலில் வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

மும்பை மசகான் டாக்கில், பிரான்ஸ் வடிவமைப்பில் கட்டிய கல்வரி ரகக் கப்பல்கள் ஆறு. முதலாவது 2017 டிசம்பரிலும், ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியிலும் கடற்படையில் சேர்ந்தன. நடுவில் 2016 ஆகஸ்டில் ஒரு அதிர்ச்சி. அந்தக் கப்பல்களைப் பற்றிய 22,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளியே கசிந்துவிட்டதாக ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழ் எழுதியது. அதில் புரொப்பெல்லரின் ஒலி அளவுகளும் இருந்ததாகச் சொன்னது. வெளியான பக்கங்களில் முக்கிய அளவுகள் மறைக்கப்பட்டிருப்பதால் ஆபத்தில்லை என்றது இந்தியக் கடற்படை. தார்ப்பாய் போட்டு உலோகத்தை மூடலாம், பிடிஎஃப்-ஐ எப்படி மூடுவது?

சொந்த முயற்சியும் உண்டு. அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கிக்கான உலையின் மாதிரி முதலில் ஓடியது கல்பாக்கத்தில், நிலத்தின் மேல். புரொப்பெல்லர் போன்றவற்றைச் சோதிக்கும் கேவிடேஷன் டனல், விசாகப்பட்டினத்தில் டிஆர்டிஓ-வின் என்எஸ்டிஎல் ஆய்வகத்தில் இருக்கிறது.

துவாக்குடியிலிருந்து பார்த்தால்

திருச்சியில் பெல் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, டங்ஸ்டன் கலவையில் டாங்க் குண்டு செய்யும் ஹெச்ஏபிபி, பொன்மலை ரயில்வே பணிமனை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பெல்லை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் அனல் மின் பாய்லர் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாடு ஊருக்கே தெரியும். டிஃபென்ஸ் காரிடார் அவர்களுக்கு ஒரு புதுக் கதவு.

நாளைக்கே துவாக்குடியில் நீர்மூழ்கி புரொப்பெல்லர் வெட்டப்போகிறார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் காரிடார் பற்றிய பேச்சு முழுக்க ‘எத்தனை கோடி முதலீடு’ என்பதிலேயே சுற்றுவது சரியாகப் படவில்லை. பாய்லர் வேலையில் தாங்கக்கூடிய அளவுப் பிழை, கடலுக்கடியில் போகும் வால்வுக்கோ பம்புக்கோ தாங்காது. அங்கே காசு போட வேண்டியது வெட்டும் மெஷினில் மட்டும் இல்லை. வெட்டியதை அளக்கும் கருவியிலும், அதை இயக்கத் தெரிந்த ஆளிலும்தான். என்ஐடி இருக்கும் ஊரில் ஆளுக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது, ஆனால் அவர்களில் பலர் பெங்களூரு பஸ்ஸில் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இளம் இன்ஜினீயர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. கோகாம் 1994-ல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த வாஸனார் ஏற்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி நம் நாட்டிலும் ‘ஸ்கோமெட்’ என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. குறிப்பிட்ட துல்லியத்துக்கு மேற்பட்ட ஃபைவ் ஆக்சிஸ் இயந்திரங்கள் அதில் வருகின்றன, கப்பல்களின் சத்தத்தைக் குறைக்கும் சில அமைப்புகளும் வருகின்றன. பொருளைப் பெட்டியில் ஏற்றி அனுப்பினால்தான் ஏற்றுமதி என்றில்லை. பட்டியலில் உள்ள ஒன்றின் டிராயிங்கை வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு மெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான், அதற்கும் அனுமதி வேண்டும். பட்டியல் டிஜிஎஃப்டி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படியே இருக்கிறது. டிராயிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடும் பழக்கமுள்ள பட்டறைகள் அதை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.