படம் இருந்தது, டாக்டர் இல்லை

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தோம். உரிய நடவடிக்கைக்கு அனுப்பியதாகப் பதில் வந்ததோடு சரி. இனி ஊரறியத்தான் கேட்க வேண்டும்.

விபத்து சிகிச்சை விதிமுறைகள் உங்களுக்குத் தெரியும். என் அக்கா மகனுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பைக்கிலிருந்து விழுந்தவனை ராத்திரி பத்து மணிக்கு 108 ஆம்புலன்ஸில் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பேரையும் அம்மாவின் போன் நம்பரையும் அவனே சொன்னான். ஸ்கேன் படத்தைக் காட்டிப் பயிற்சி மருத்துவர் விளக்கினார்: இடது காதுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டு, அதன் அடியில் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது; மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டுகிறது; உடனே திறந்து எடுத்தால் பிழைத்துக்கொள்வான், தாமதித்தால் மூளை நசுங்கும். அடுத்து அவரே, "நைட்ல நியூரோ டாக்டர் இல்ல, ரெஃபர் பண்றோம்" என்றார்.

சீட்டு எழுதி, வேறு ஆம்புலன்ஸ் வர நள்ளிரவு தாண்டிவிட்டது. வழியில் வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது. பிறகு கூப்பிட்டதற்குப் பதிலில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியபோது, டார்ச் அடித்தும் இடது கண்மணி சுருங்கவில்லை. அங்கே உடனே ஆபரேஷன் செய்தார்கள். உயிர் மிஞ்சியது. வலது கையும் காலும் விளங்கவில்லை; பேச்சும் திரும்பவில்லை.

1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் உலகிலேயே கிடையாது. ரத்தம் கட்டிய இடத்தை நோயாளியின் கண்ணையும் கைகாலையும் பார்த்தே பெரும்பாலும் கணிக்க வேண்டியிருந்தது. உங்களிடம் இடம் தெளிவாகத் தெரியும் படம் இருந்தது. பகலில் மூளை ஆபரேஷன் நடக்கும் தியேட்டரும் இருந்தது. ராத்திரிக்கு ஆள் போடவில்லை. பொழுது சாய்ந்ததும் விபத்துகள் நின்றுவிடுமா?

அந்தப் பயிற்சி மருத்துவர் மேல் கோபமில்லை. அந்தப் பிள்ளை கண் கலங்கி நின்றது. கோபம் உங்கள் மேல்தான். டூட்டி பட்டியலில் இருப்பது உங்கள் கையெழுத்து. டாக்டர் பற்றாக்குறை என்பீர்கள். அதை அரசின் காதில் விழும்வரை சொல்லியிருக்க வேண்டியவர் யார்? வாசலில் "24 மணி நேர விபத்து சிகிச்சை" என்று போர்டு வைத்துவிட்டு எப்படி உங்களால் பேசாமல் இருக்க முடிந்தது?

ராத்திரிக்கு ஒரு மூளை அறுவை மருத்துவரை வையுங்கள். முடியாவிட்டால் அந்த போர்டைக் கழற்றிவிடுங்கள். நேரம் வீணாகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்காவது பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

இப்படிக்கு,
அவனுடைய தாய்மாமன்