லூர் என்றால் மருந்தா?

கேள்வி: கத்திரியில் காய்ப்புழுவுக்காக அரை ஏக்கரில் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி கட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்துப்பூச்சி விழுகிறது, ஆனால் சொத்தைக் காய் குறையவில்லை. உள்ளே தொங்கும் 'லூர்' மருந்துக்கு வீரியம் போதவில்லையா? வேறு மருந்து வாங்கலாமா?

பதில்: லூர் மருந்தே அல்ல, அதில் விஷம் கிடையாது. ஆசை காட்டி வரவழைப்பது என்பதே அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள். முற்காலத்து ஐரோப்பாவில், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறைத் திரும்ப அழைக்க, இறகுகளைக் கட்டிக் கயிற்றில் சுழற்றுவார்கள். இரை என்று நம்பி அது இறங்கி வரும். அந்த இறகுக் கட்டின் பெயர்தான் லூர். இப்போது 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பலகை வைத்து ஆள் இழுப்பதற்கும் அதே சொல்தான்.

எலிக்கு வைக்கும் நச்சு உணவு வேறு. அதை எலி தின்றால்தான் சாகும். லூரைப் பூச்சி தின்பதில்லை. பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ரப்பர் துண்டிலோ குப்பியிலோ ஏற்றியிருக்கிறார்கள். அதை நம்பி ஆண் வந்து பொறியில் விழுகிறது. பெண் விழாது. முன்பே இணை சேர்ந்த பெண், பக்கத்து வயலிலிருந்து வந்துகூட முட்டையிடும். காய்க்குள் போய்விட்ட புழுவையும் லூர் ஒன்றும் செய்யாது.

அதனால் பொறியை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. ஏக்கருக்கு 5 பொறியாவது வேண்டும். செடியின் தலைக்குச் சற்று மேலே தொங்க வேண்டும், செடி வளர வளர உயர்த்த வேண்டும். வாடித் தலை சாய்ந்த குருத்தையும் துளை விழுந்த காயையும் வாரந்தோறும் பறித்து அழிக்க வேண்டும். வரப்பில் வீசினால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி மறுபடி வரும். பாதிப் பலன் இந்த வேலையில்தான் இருக்கிறது. ஒரு மாதம் தாண்டிய லூரில் வாசனை குறைந்திருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கெடுவைப் பார்த்து மாற்ற வேண்டும். வாங்கும்போது கத்திரிக் காய்ப்புழுவுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். பாகல், புடலையின் பழ ஈக்கு வேறு லூர், மாம்பழ ஈக்கு வேறு லூர். புகையிலை தொட்ட கையால் லூரைத் தொடக் கூடாது.

தென்னைக்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். காண்டாமிருக வண்டின் லூர் ஆண், பெண் இரண்டையுமே அழைக்கும். வருவதெல்லாம் வாளியில் விழுந்துவிடாது. சில வண்டுகள் அருகிலிருக்கும் இளங்கன்றின் குருத்தில் இறங்கும். எனவே 5 ஏக்கருக்கு ஒரு பொறி போதும். அதையும் கன்றுகளுக்கு நடுவே கட்டாமல், தோப்பின் ஓரத்தில், கன்றுகளைவிட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும்.