டாக்டர் போட்ட கோடு வேதவாக்கா?

"டாக்டர் பார்த்துக்கொள்வார், நமக்கென்ன தெரியும்?" என்று நம் ஜனங்கள் சொல்லுவதை நாம் தினமும் கேட்கிறோம். டாக்டரை நம்புவதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் டாக்டரும் மனிதரே, அவர் கையும் பிசகக்கூடும் என்பதை மறந்து நம்புவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்கிற விதத்தைப் பாருங்கள். நோயாளியின் உடலை சி.டி. யந்திரம் குறுக்கே துண்டு துண்டாகப் படம் பிடித்துக் காட்டுகிறது. டாக்டர் ஒவ்வொரு படத்திலும் "கட்டி இதுவரைக்கும்" என்று கோடு போடுகிறார். அக்கோட்டைக் கொண்டே கதிர் பாய்ச்சப்படுகிறது. யந்திரம் மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்யும். ஆனால் எங்கே பாய்ச்சுவது என்று அதற்குச் சொல்லுவது அந்தக் கோடுதான். கோடு குறுகினால் நோயில் ஒரு பாகம் தப்பிவிடும். அகன்றால் நல்ல நுரையீரலும், உமிழ்நீர்ச் சுரப்பியும் வீணாய்க் கெடும்.

அப்படியானால் ஒரே படத்தைப் பல டாக்டர்களிடம் கொடுத்தால் ஒரே கோடு வருமா? வருவதில்லை. நெதர்லாந்து தேசத்தில் 5 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 11 டாக்டர்கள், 22 நுரையீரல் புற்றுநோயாளிகளின் படங்களில் கோடு போட்டார்கள். 2006-இல் வெளிவந்த கணக்குப்படி, சி.டி. படத்தை மட்டும் பார்த்துப் போட்டபோது கோடுகளின் திட்ட விலக்கம் 1 சென்டிமீட்டர். நோய் எங்கே உயிரோடிருக்கிறதென்று காட்டும் பெட் படத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அது 0.4 சென்டிமீட்டராகக் குறைந்தது. டாக்டர்கள் அவர்களேதான்; சாட்சியம் கூடியபோது வித்தியாசம் குறைந்தது.

ஒரு சென்டிமீட்டர்தானே என்கிறீர்களா? தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றிப் பல தேசங்களில் நடந்த ஒரு பரீட்சையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. சிகிச்சைத் திட்டம் முதலிலிருந்தே விதிப்படி அமைந்தவர்களில் 100-க்கு 70 பேர் இரண்டு வருஷம் கழித்தும் உயிரோடிருந்தார்கள். திட்டத்தில் பெருங்குறை இருந்தவர்களிலோ 100-க்கு 50 பேரே. எல்லாக் குறையும் கோட்டினால் வந்ததல்ல என்பது உண்மையே. ஆனால் திட்டத்தை இன்னொருவர் பார்ப்பது உயிர் சம்பந்தமான காரியம் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

இங்கே இரண்டு கூட்டத்தார் புறப்படுவார்கள். "டாக்டர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை, ஆகவே வைத்தியமே பொய்" என்பவர்கள் ஒரு கூட்டம். அவர்களை நாம் கேட்கிறோம்: ஒரே ஜாதகத்தை 11 ஜோசியரிடம் கொடுத்து, அவர்களுடைய வித்தியாசத்தை அளந்து, அச்சிட்டு வெளியிட்ட ஜோசியர் சங்கம் ஒன்றைக் காட்ட முடியுமா? தன் தப்பைத் தானே அளந்து உலகத்துக்குச் சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

"எனக்கு முப்பது வருஷ அனுபவம், என் கோட்டைச் சோதிக்க இவன் யார்?" என்கிற டாக்டர்கள் மற்றொரு கூட்டம். இதற்கும் குருவின் வாக்கைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கும் என்ன வித்தியாசம்? இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆப் ரேடியாலஜிஸ்ட்ஸ் என்னும் டாக்டர்கள் சங்கமே, ஒருவர் கோட்டை மற்றவர் பார்ப்பது பற்றி 2017-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரே கோடு போடுகிறது என்று மார்தட்டுவோரும் உண்டு. அதுவும் டாக்டர்கள் போட்ட கோடுகளைப் பார்த்துக் கற்றதுதானே? அதையும் சோதித்தே ஆகவேண்டும்.

ஆகையால் தோழர்களே! உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் பயந்து ஓடாதீர்கள். கைகட்டி வாய்பொத்தியும் நிற்காதீர்கள். "இந்தக் கோட்டை இன்னொரு டாக்டரும் பார்த்தாரா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். யோக்கியமான டாக்டர் அதற்குக் கோபிக்கமாட்டார். கோபிப்பாரானால் அக்கேள்வி அவசியமானதே என்பது நமது அபிப்பிராயம்.