தேயத் தேய வரும் பளபளப்பு

கறுப்புக் கார் வாங்கியவருக்கு முதல் மாதம் பெருமை, ஆறாவது மாதம் கவலை. நிழலில் கண்ணாடி மாதிரி தெரியும் பானெட், வெயிலுக்கு வந்ததும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமான கீறல்களைக் காட்டும். தமிழகத்திலிருந்து கேரளத்துக்குள் நுழையும் வாளையாறு, போடிமெட்டு, குமுளி பாதைகளில் அடிக்கடி போய் வரும் கார்களுக்கு இந்த வலை விழ எல்லாக் காரணங்களும் உண்டு.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். குளிர்காலத்தில் அதன் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்; கூடவே புழுதியும் வரும். புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணல் துகள் கார் பெயின்டைவிடப் பல மடங்கு கடினமானது. இடுக்கி மலைப்பாதையில் புழுதிக்குப் பதில் மழையும் செம்மண் சேறும். நவம்பர் மத்தியிலிருந்து ஜனவரி மத்திவரை சபரிமலை சீசனில் குமுளி வழியாகப் போகும் கார்களுக்குச் சந்தனம், குங்குமம், பானெட்டில் கட்டிய மாலை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

படிந்த தூசி சும்மா கிடந்தால் கீறாது. டீக்கடையில் வண்டி நின்றதும் டிரைவர் பழைய துண்டால் வட்டமாகத் துடைக்கிறாரே, அப்போதுதான் துண்டு உப்புத்தாளாகிறது. காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுக்கும்போதும் இதே கதைதான். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் ஒரே துணியால் பத்து வண்டிகளைத் துடைத்தால் ஒன்பது வண்டிகளின் மண் பத்தாவது வண்டியில் கோடு போடும்.

இதே கீறல்கள் வெள்ளைக் காரிலும் உண்டு. ஆனால் வெள்ளைப் பெயின்ட் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடும். கறுப்பு, வெளிச்சத்தை விழுங்கிவிடும். கீறல் மட்டும் தனித்து மின்னும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. சூரிய பிம்பத்தைச் சுற்றி வளைந்த வாக்கில் கிடப்பவை மட்டும் கண்ணுக்கு மின்னுவதால்தான் வட்டமாகத் தெரிகிறது. நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் வட்டமும் கூடவே நகரும்.

இதற்கு மருந்து மெஷின் பாலீஷ். தமிழில் 'பாலீஷ் போடுவது' என்கிறோம். போடுவது என்றதும் ஏதோ பூசப்படுகிறது என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கீறலை அடைக்க முடியாது என்பதால், அதைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறார்கள். பள்ளம் மறைய மேடு போகிறது. கேரளத்தின் புகழ்பெற்ற ஆரன்முளா உலோகக் கண்ணாடியைப் பொறுமையாகத் தேய்த்துத்தான் முகம் பார்க்கும்படி செய்கிறார்கள். அங்கே தேய்க்க உலோகம் தாராளமாக இருக்கிறது. காரில் இல்லை.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற அடுக்கு ஒன்று உண்டு. அதன் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பளபளப்பு, கீறல் இரண்டும் இருப்பது இதில்தான். கடுமையான பாலீஷ் ஒருமுறை செய்தால் இதில் சில மைக்ரான்கள் போய்விடும். 'இன்னும் 30 மைக்ரான் இருக்கிறதே' என்று கணக்குப் போடக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் இதே அடுக்குதான். மெலிந்துபோனால் சில வருட வெயிலில் வெளுத்துத் தோல் தோலாக உரியும். பிறகு மறுபெயின்ட்தான் வழி. ஆலையில் வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய காரை ஒர்க்‌ஷாப்பில் அப்படிச் சுட முடியாது. விற்கும்போது மறுபெயின்ட் தெரிந்தால் 'ஆக்ஸிடென்ட் வண்டியா?' என்ற கேள்வியும் வரும்.

எனவே மெஷின் தொடுமுன் கனம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கிற கடையே நல்ல கடை. உலோகப் பகுதிகளில் மொத்தப் பெயின்டும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் காட்டினால் பெரும்பாலும் ஆலைப் பெயின்ட். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. மீட்டர் காட்டுவது மொத்தக் கனத்தைத்தான், கிளியர் கோட்டைத் தனியாக அல்ல. அதனால் முதலில் ஒரு சிறு இடத்தில், இருப்பதிலேயே மென்மையான பேடும் மருந்தும் கொண்டு தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெலிது. அங்கே டேப் ஒட்டுவது அவசியம்.

மெஷினில் இரண்டு வகை. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயின்டை எரித்துவிடும். பழகாத கையில் புதிய வளையங்களையும் போட்டுவிடும். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற 'டூயல் ஆக்‌ஷன்' மெதுவானது, ஆனால் ஆபத்து குறைவு.

ஏமாற்றும் இங்கே சுலபம். எண்ணெயும் மெழுகும் கலந்த பாலீஷ் கீறலை நிரப்பி மறைத்துவிடும். டெலிவரி எடுக்கும்போது கார் ஜொலிக்கும். சில வாட்டர் சர்வீஸ் போனதும் வலை திரும்பி வரும். கண்டுபிடிக்க வழி உண்டு: பணம் கொடுக்குமுன் ஒரு பகுதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்கச் சொல்லி, வெயிலில் பார்க்க வேண்டும். அப்போதும் கீறல் தெரியாவிட்டால் வேலை உண்மை. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பது ஆலைப் பெயின்டுக்கே ஆபத்து. அதை அப்படியே விடுவது லாபம்.

பாலீஷ் செய்த பிறகும் அதே பழைய துண்டு டிக்கியில் இருந்தால் செலவு வீண். தூசியை முதலில் நிறையத் தண்ணீர் விட்டு இறக்கிவிட வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. துடைக்கச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் தொடக் கூடாது. காய்ந்த சந்தனத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்தால் தானாக விட்டுவிடும். வழியில் தண்ணீர் கிடைக்காவிட்டால் தூசியோடு வீடுவரை ஓட்டிக்கொண்டு வரலாம். ஒரு நாள் அழுக்கு, மைக்ரான்களைவிட மலிவு.