‘விருத்தாசலம்’ – ஏழு எழுத்தா, பன்னிரண்டு எழுத்தா?



நம்ம ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும்: வி, ரு, த், தா, ச, ல, ம். மொத்தம் 7. இதையே நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற பைத்தான் மொழியிடம் ‘லென்’ போட்டுக் கேட்டால் 12 என்கிறது! யு.டி.எஃப்-8 முறையில் சேமித்து, சி மொழியின் ‘ஸ்டர்லென்’ போட்டுக் கேட்டால் 36 என்கிறது! என்னங்க இது கூத்து?

கூத்து ஒன்றும் இல்லை. 1991-இல் யூனிகோடு வெளிவந்தபோது தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். நம் எழுத்துகளோ 247. அதனால் உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், க, ச, த போன்ற அகர உயிர்மெய்களுக்கும் தனி எண் கொடுத்தார்கள். கால், கொம்பு, மேல்விலங்கு, புள்ளி எல்லாம் தனிக் குறிகள் ஆயின. ‘வி’ என்றால் வ ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஆக இரண்டு. இலக்கணத்தில் க்+அ=க என்று படித்தோம். யூனிகோட்டில் க-வோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. இப்படி எண்ணினால் நம் ஊர் 12. யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதனால் 36.

நம்ம ஊர் செராமிக் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோப்பையைத் தனியாக, கைப்பிடியைத் தனியாக அச்சில் வார்ப்பார்கள். பிறகு மண் கரைசலைத் தடவி ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். வெளியே வந்ததும் ஒரு கோப்பையை யாராவது இரண்டு உருப்படி என்று எண்ணுவார்களா? கணினி அப்படித்தான் எண்ணுகிறது. அது கணினியின் குற்றமில்லை. எதை எண்ணச் சொல்கிறோம் என்று யோசிக்காமல் நிரல் எழுதுகிறவர்களின் குற்றம் என்பதே என் கருத்து.

“எண்ணிக்கைதானே, தப்பினால் என்ன?” என்று கேட்கலாம். சொல்கிறேன்.

ஒரு படிவத்தில் பெயருக்கு 11 இடம் என்று வைத்தால், ஏழெழுத்து விருத்தாசலம் அதில் அடங்காது. கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு ‘விருத்தாசலம’ என்று நிற்கும்.

பைத்தானில் ‘இஸ்ஆல்ஃபா’ என்று ஒரு கட்டளை. ‘இதில் இருப்பது எல்லாம் எழுத்துதானா?’ என்று கேட்கும். ‘கமல’ என்று கொடுத்தால் ஆம் என்கிறது. ‘கமலா’ என்று கொடுத்தால் இல்லை என்கிறது! காலை அது எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லையே எழுத்து இல்லை என்று தள்ளிவிடுகிறது. பெயரைச் சரிபார்க்க இதை நம்பினால், நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பெயரே கிடையாது.

‘தேன்மொழி’யைப் பாருங்கள். ‘மொ’வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு ஒன்று 8, மற்றது 9. ஒரு விதமாகப் பதிந்த பெயரை இன்னொரு விதமாகத் தேடினால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும். தேர்வு முடிவுப் பட்டியலில் இப்படி வந்தால் தேன்மொழி என்ன பாடுபடுவாள்?

வரிசையும் இப்படித்தான். யூனிகோட்டில் ந-வுக்கு அடுத்து ன, பிறகுதான் ப. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகா முன்னே வந்து கபிலன் பின்னே போவான். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்தல்லவா?

சிலர், “ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை” என்பார்கள். அந்த எண்ணத்தில் உருவானதுதான் டேஸ்-16. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், மாற்றாக டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்றது. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் கையில் உள்ள கைபேசி முதல் இணையம் வரை எங்கும் ஓடுவது யூனிகோடுதான். அதைக் குறை சொல்லிக் காலம் கழிப்பதைவிட, அதைச் சரியாகக் கையாளக் கற்பதே மேல்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

★ கோப்பைத் திறக்கும்போதே யு.டி.எஃப்-8 என்று சொல்லிவிடுங்கள்.
★ உள்ளே வரும் பெயரை ‘நார்மலைஸ்’ கட்டளையால் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றுங்கள். இரண்டு தேன்மொழியும் ஒருத்தி ஆகிவிடுவாள்.
★ எழுத்தை எண்ணும்போது குறி வந்தால் தனியாக எண்ணாமல் முன் எழுத்தோடு ஒட்டுங்கள். அது குறியா என்று பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ சொல்லும். விருத்தாசலம் மறுபடி 7 ஆகும்.
★ அகரவரிசைக்கு அ முதல் ன வரை நம் வரிசையை நாமே கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினி ஆய்வகத்தில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் உள்ளீடாகக் கொடுக்கிறோம். அதில் இந்தக் கோளாறு எதுவும் வெளியே தெரிவதே இல்லை. இனி ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தமிழ்ப் பெயரும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் படிவங்களுக்கும் பட்டியல்களுக்கும் நிரல் எழுதப் போகிறவர்கள் நம்மிடமிருந்தும் வருவார்கள். அவர்கள் கையில் யாருடைய புள்ளியும் உதிரக் கூடாது.

சிந்திப்போம்! செய்து பார்ப்போம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு