துப்பாக்கிக்கு "சைலன்சர்" மாட்டலாமா? வியாபாரிகளே, உஷார்!

மதுரையில் "சைலன்சர்" என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீளமாக இருக்கும் புகைக்குழாய். அதைக் கழற்றிவிட்டு "டப டப" என்று காதைக் கிழித்துக்கொண்டு காளவாசல் பக்கம் பறக்கும் வாலிபர்களைப் போலீசார் மடக்கி அபராதம் போடுவதும் தெரிந்த கதைதான்.

இன்னொரு சைலன்சர் இருக்கிறது. அது துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டுவது. சினிமாவில் வில்லன் கோட்டுப் பையில் இருந்து எடுத்து, நிதானமாகத் திருகி மாட்டுவான். "புஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆள் காலி! பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இது நடக்கிற காரியமா? எந்தக் கைத்துப்பாக்கிக்கு இது பொருந்தும்? லைசென்சு உள்ளவர் மாட்டிக்கொள்ளலாமா?

தெற்காவணி மூல வீதியில் வரிசையாக நகைக்கடைகள். கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வசூல் பணத்தோடு வீட்டுக்குப் போகிற வியாபாரிக்குப் பயம் இருப்பது நியாயம். "பேசாம ஒரு ரிவால்வருக்கு எழுதிப் போடுங்க அண்ணாச்சி" என்று யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். "அப்படியே சைலன்சரோட வாங்கிருங்க" என்று சினிமா பார்த்த பையன் ஒருவன் கூடச் சேர்த்துச் சொல்வான்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் ஜெயில் இருக்கிறது!

அப்பாவும் பிள்ளையும்

1884-ம் ஆண்டு இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் ஹைரம் மாக்சிம். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் அமெரிக்காவில் 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியவர். அப்பா சத்தத்தைப் பெருக்கினார், பிள்ளை அதை அடக்கப் பார்த்தார்!

தத்துவம் ஒன்றுதான். வெடிமருந்து எரிந்தவுடன் கொதிக்கும் வாயு குழலின் வாய் வழியாகச் சீறி வெளியே வருகிறது. அதுதான் "டமார்" சத்தம். சைலன்சருக்குள் அடுத்தடுத்து சின்னச் சின்ன அறைகள் இருக்கும். வாயு அதில் புகுந்து, விரிந்து, ஆறி, மெதுவாக வெளியேறும். மோட்டார் சைக்கிளிலும் இதே வேலைதான் நடக்கிறது.

சத்தம் சாகுமா?

சாகாது. குறையும், அவ்வளவுதான்.

கைத்துப்பாக்கி வெடித்தால் சுமார் 160 டெசிபல் சத்தம். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் 125 டெசிபலுக்குக் குறையாது. நம் நாட்டில் பட்டாசுக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்தான். அதாவது சைலன்சர் மாட்டிய பிறகும் ஏறக்குறைய தீபாவளி வெடிச் சத்தம் இருக்கும். ராத்திரி நேரத்தில் மேலூர் பக்கம் வயல்வெளியில் ஒரு வெடி போட்டால் அடுத்த ஊர் நாய் குரைக்காதா? சினிமாவின் "புஸ்" எல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது!

எந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும்?

ரிவால்வருக்குச் சரிவராது. தோட்டா இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. வாயு அந்தச் சந்து வழியாகவே சீறிவிடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை! 1895-ம் ஆண்டு மாடல் ரஷ்ய "நாகன்" ரிவால்வரில் மட்டும் உருளை முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது வேகம். தோட்டா நொடிக்கு சுமார் 340 மீட்டரைத் தாண்டினால், ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடும். அப்போது காற்றில் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் வரும். அதை எந்தச் சைலன்சரும் தடுக்க முடியாது. சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டா இந்த ரகம். அதனால்தான் அமெரிக்காவில் சைலன்சர் பிரியர்கள் மெதுவாகப் போகும் பாயிண்ட் 45 பிஸ்டலைத் தேடுகிறார்கள்.

நம்ம ஊரில் கிடைப்பது எது?

ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா போடக்கூடிய துப்பாக்கி சாதாரண மக்களுக்குக் கிடையாது. 9 மில்லிமீட்டரும் பாயிண்ட் 45-ம் அந்தத் தடைப் பட்டியலில் அடக்கம். லைசென்சு பெற்றவர் கைக்கு வருவது பெரும்பாலும் பாயிண்ட் 32 ரகம். அதில் பிரபலமானது கான்பூரில் தயாராகும் ரிவால்வர். 2014-ல் பெண்களுக்காக என்று வந்த அரை கிலோ எடையுள்ள "நிர்பீக்" ரிவால்வரும் கான்பூர் சரக்குதான். அறிமுகமானபோது அதன் விலை சுமார் ரூ.1 லட்சத்து 22 ஆயிரம்.

ஆகக்கூடி, அமெரிக்கர் தேடுவது இங்கே கிடைக்காது. இங்கே கிடைக்கும் ரிவால்வருக்கு அது பொருந்தாது!

"பாயிண்ட் 32 பிஸ்டலும் இருக்கிறதே, அதன் தோட்டா மெதுவாகத்தானே போகும்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது.

வெறும் குழாயும் துப்பாக்கிதான்

வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட்டு, சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. "துப்பாக்கி" என்றால் என்ன என்று அதில் விளக்கம் இருக்கிறது. சுடும்போது வரும் சத்தத்தையோ தீப்பொறியையோ குறைப்பதற்கான இணைப்புக் கருவியும் "துப்பாக்கி" என்ற சொல்லிலேயே அடங்கும் என்கிறது அந்த விளக்கம்.

ஆகவே, "என்னிடம் துப்பாக்கியே இல்லை சார், இந்தக் குழாய் மட்டும்தான் இருந்தது" என்று தப்பிக்க முடியாது. "என்னிடம் ரிவால்வர் லைசென்சு இருக்கிறது" என்பதும் எடுபடாது. ரிவால்வருக்கு வாங்கிய லைசென்சு சைலன்சருக்குச் செல்லாது.

2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். கள்ளத்தனமாகச் செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை! "ஒரு சின்னக் குழாய்தானே, லேத்துல போட்டுக் கடைஞ்சு குடுங்கண்ணே" என்று யாராவது வந்து நின்றால், பட்டறைக்காரர் இந்த ஏழு ஆண்டை நினைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் விற்கிறார்களே?

விற்கிறார்கள். அமெரிக்காவில் 1934-ல் சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். ஆனாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நார்வே, பின்லாந்து நாடுகளில் வேட்டைக்காரர்கள் ரைபிளில் மாட்டிக்கொள்வது சாதாரணம். காது கெடாமல் இருக்கத்தான்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த மாதிரி வேட்டை ஏது? ரைபிள் கிளப்பில் சுட்டுப் பழகுகிறவருக்குக் காதை மூடும் கவசம் போதும்.

சத்தமே காவல்

யோசித்துப் பார்த்தால், வியாபாரி துப்பாக்கி வாங்குவது எதற்கு? திருடன் பயந்து ஓட வேண்டும், அக்கம்பக்கம் விழித்து ஓடிவர வேண்டும் என்பதற்கு. மதுரையின் குறுகலான தெருவில் ஒரு "டமார்" கேட்டால் நூறு ஜன்னல் திறக்கும். அந்தச் சத்தம்தான் காவல். அதை அமுக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கொலைக் கருவி மட்டும்.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால், "தற்காப்பு என்றால் சத்தத்தை ஏன் மறைத்தாய்?" என்று கோர்ட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பயம் உள்ளவருக்கு வழி இல்லாமல் இல்லை. வசூலைப் பகலிலேயே பேங்கில் கட்டலாம். ராத்திரி துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகலாம், தினம் ஒரே பாதையில் போகாமல் இருக்கலாம். ஆபத்து என்றால் 112-க்கு போன் போடலாம். அப்படியும் துப்பாக்கி வேண்டும் என்றால் மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும், வெளியூரில் கலெக்டரிடமும் முறைப்படி மனுக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் சைலன்சர் இல்லாவிட்டால் அபராதம். துப்பாக்கியில் சைலன்சர் இருந்தால் ஜெயில்!