படிவத்தின் வழியே நுழையும் திருடர்

வெஸ்ட் வின்ட்சருக்கு அடுத்த ஊரான பிரின்ஸ்டனில் தலைமையகம் கொண்டிருந்த ஹார்ட்லேண்ட் பேமென்ட் சிஸ்டம்ஸ், தன் கணினிகளுக்குள் திருடர் புகுந்ததை 2009 ஜனவரியில் அறிவித்தது. அவர்கள் புகுந்த வாயில் அதன் இணையதளமே. பெயரோ எண்ணோ எழுதவேண்டிய கட்டத்தில் தரவுத்தளத்துக்கான கட்டளையை எழுதுவர். நிரல் அதைச் சரிபாராமல் நிறைவேற்றிவிடும். எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் எனப்படுவது இதுவே. ஹார்ட்லேண்டிலும் வேறு சில நிறுவனங்களிலுமாக 13 கோடிக்கு மேற்பட்ட அட்டை எண்கள் களவுபோனதாக நியூஜெர்சியில் வழக்குப் பதிவானது. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆல்பர்ட் கொன்சாலெஸுக்கு 2010-இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இது பெருநிறுவனங்களின் கவலை என்று புலம்பெயர்ந்த பெற்றோர் இருந்துவிடலாகாது. தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைக்கும் சங்க உறுப்பினர் பதிவுக்குமான படிவங்களைப் பல இடங்களில் தொண்டர்களே ஓய்வு நேரத்தில் அமைக்கின்றனர். குழந்தையின் பெயர், பிறந்தநாள், முகவரி அனைத்தும் அங்கே சேர்கின்றன. களவுபோன அட்டை எண்ணை வங்கி மாற்றித் தரும்; குழந்தையின் பிறந்தநாளை யார் மாற்றித் தருவார்?

உலாவியில் மட்டும் சரிபார்த்தல் போதாது; அதைத் தாண்டுவது எளிது. வழங்கியிலும் சரிபார்க்கவேண்டும், உள்ளீட்டைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியே அனுப்பவேண்டும். தேவையற்ற விவரத்தைக் கேளாதிருத்தல் இன்னும் நன்று. நிரலெழுதக் கற்ற இளைஞர்கள் தத்தம் தமிழ்ப் பள்ளியின் படிவத்தை, நிர்வாகிகளின் அனுமதியோடு, சோதித்துத் திருத்தித் தரட்டும். அதுவும் தமிழ்த்தொண்டே.